ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்குப் பள்ளிகள் தரும் மொழித்துணை: ஒரு திறனாய்வு

வீட்டில் வேறு மொழி பேசி வளர்ந்து, ஆங்கிலத்தில் பாடம் நடக்கும் பள்ளியில் சேரும் பிள்ளைகளை அமெரிக்கக் கல்வித்துறை 'ஆங்கிலம் கற்போர்' என்றும், இங்கிலாந்துக் கல்வித்துறை 'ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகக் கொண்டோர்' என்றும் வகைப்படுத்துகின்றன. 2021ஆம் ஆண்டு இலையுதிர் காலக் கணக்கின்படி அமெரிக்க அரசுப் பள்ளிகளில் இத்தகைய மாணவர்கள் சுமார் 53 இலட்சம் பேர். அதாவது பத்துப் பேரில் ஒருவருக்குச் சற்று அதிகம். இவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரின் வீட்டு மொழி ஸ்பானியம். இங்கிலாந்தில் ஐந்து மாணவர்களில் ஒருவர் இவ்வகையினர். அங்கே பள்ளிக் கணக்கெடுப்பில் பதிவாகும் வீட்டு மொழிகளுள் தமிழும் ஒன்று.

இப்பிள்ளைகளுக்கு உதவும் முறைகள் பல. வகுப்பிலிருந்து தனியே அழைத்துச் சென்று கற்பிப்பது, வகுப்புக்குள்ளேயே இன்னொரு ஆசிரியர் வந்து துணைநிற்பது, நாளின் பெரும்பகுதியை ஆங்கிலத்துக்கே ஒதுக்குவது, இரு மொழிகளில் பாடம் நடத்துவது, புதிதாக வந்தோருக்குத் தனிப் பள்ளி வைப்பது என அவை நீளும். மேலோட்டமாகப் பார்த்தால் இது கால அட்டவணை போடும் வேலை போலத் தோன்றும். எந்த அறை, எந்தப் பாடவேளை, எந்த ஆசிரியர் என்று முடிவு செய்தால் போதும் என்று நிர்வாகிகளும் நினைத்துவிடுகின்றனர். ஆங்கிலம் கற்கும் அந்த நேரத்தில் பிள்ளை எந்தப் பாடத்தை இழக்கிறது, அந்த இழப்பை யார் ஈடுசெய்வது என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியை வைத்தே இந்த ஏற்பாடுகளை மதிப்பிடுகிறது.

சட்டம் சொன்னதும் சொல்லாததும்

அமெரிக்காவில் இக்கடமை நீதிமன்றத்தின் வழியாகவே உறுதிப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளி மாணவர்கள் 2,856 பேர் இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 1,000 பேருக்கு மட்டுமே ஆங்கிலத்தில் கூடுதல் வகுப்பு கிடைத்தது. மீதி 1,800 பேர் புரியாத மொழியில் நடந்த பாடத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தனர். 'லாவ் எதிர் நிக்கல்ஸ்' என்ற வழக்கில் 1974 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாருக்கும் ஒரே கட்டடம், ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்று கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடாது. மொழி புரியாத பிள்ளைக்கு அது பொருளுள்ள கல்வி ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு அதற்கு அடிப்படையாக அமைந்தது.

ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆங்கிலம் கற்பிப்பது ஒரு வழி, சீன மொழியில் பாடம் நடத்துவது மற்றொரு வழி, வேறு வழிகளும் இருக்கலாம் என்று கூறிப் பொறுப்பைப் பள்ளி நிர்வாகத்திடமே விட்டுவிட்டது. அதன்பின் அமெரிக்காவில் இதைச் சுற்றி ஐம்பது ஆண்டுகளாக நடக்கும் சண்டைக்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம்.

அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது டெக்சாஸ் மாநிலத்தின் ரேமண்ட்வில் ஊரிலிருந்து வந்த 'காஸ்டன்யேடா எதிர் பிக்கார்ட்' வழக்கு. 1981இல் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று கேள்விகளை வகுத்தது. பள்ளியின் திட்டம் கல்வியாளர்கள் ஏற்கத்தக்க கோட்பாட்டின் மேல் நிற்கிறதா? அதை நடத்தப் போதிய ஆசிரியரும் பொருளும் உண்மையில் தரப்பட்டுள்ளனவா? சில காலம் நடந்தபின் மாணவரின் மொழித்தடை நீங்கியதா என்று சோதிக்கப்பட்டதா? இம்மூன்றும் இன்றும் அளவுகோலாக உள்ளன. கோட்பாடு எழுதுவது எளிது என்பதால் முதல் கேள்வியில் பெரும்பாலான பள்ளிகள் தேறிவிடும். இரண்டாவதில்தான் தடுமாற்றம் தொடங்குகிறது.

தனியே அழைத்துச் செல்லும் முறை

அமெரிக்காவில் 'புல்-அவுட்' என்று வழங்கும் இம்முறையில், ஒரு நாளில் அரைமணியோ முக்கால் மணியோ பிள்ளையை வகுப்பிலிருந்து அழைத்துச் சென்று, நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுவில் ஆங்கிலம் கற்பிப்பர். நடத்துவதற்கு எளிது என்பதால் இதுவே நெடுங்காலமாகப் பரவலாக இருந்தது. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று பள்ளிகளுக்கு அலைந்து வேலை பார்த்துவிட முடியும்.

இதன் நன்மையை மறுக்க முடியாது. முப்பது பேர் முன் வாய் திறக்கக் கூசும் பிள்ளை நான்கு பேர் நடுவே பேசும். பிழையாகப் பேசினாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள். புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் சில மாதங்களில் இந்தச் சிறு அறை பெரிய ஆறுதல்.

குறை வேறிடத்தில் உள்ளது. பிள்ளை வெளியே போகும் அந்த முக்கால் மணியில் வகுப்பறை நின்றுவிடுவதில்லை. அங்கே அறிவியல் நடக்கும் அல்லது கணக்கு நடக்கும். பிள்ளை திரும்பி வரும்போது கரும்பலகையில் பாதிப் பாடம் இருக்கும். அந்தப் பாதியை ஆங்கிலம் சரளமாகத் தெரிந்த பிள்ளையே தானாகப் பிடித்துக்கொள்வது கடினம். ஆங்கிலம் தெரியாத பிள்ளையிடம் அதை எதிர்பார்க்கிறது பள்ளி. இன்னொரு பக்கம், சிறு அறையில் கற்ற ஆங்கிலத்துக்கும் பெரிய அறையில் நடக்கும் பாடத்துக்கும் தொடர்பே இருப்பதில்லை. ஒருபுறம் வண்ணங்கள், பழங்கள், வாரநாட்கள். மறுபுறம் ஆவியாதலும் ஒடுங்குதலும். இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்து திட்டமிட ஒரு பாடவேளைகூட அட்டவணையில் இல்லாவிட்டால் இந்தப் பிளவு நீங்காது. பெரும்பாலான பள்ளிகளில் அந்தப் பாடவேளை ஒதுக்கப்படுவதில்லை.

வயதும் இதில் முக்கியம். முதல் வகுப்பில் அரைமணி இழந்த பிள்ளை மீண்டுவிடும். ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதத்தை இழந்த பிள்ளைக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளின் கணிதமும் சேர்ந்து போய்விடும்.

அரிசோனாவின் நான்கு மணி நேரம்

தனிமைப்படுத்துவதை உச்சத்துக்குக் கொண்டுசென்ற மாநிலம் அரிசோனா. 2000ஆம் ஆண்டில் 203ஆம் முன்மொழிவு வாக்காளர்களால் ஏற்கப்பட்டது. பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியாகவே விரைந்து கற்பிக்க வேண்டும், இருமொழி வகுப்புகள் ஏறக்குறைய நிறுத்தப்பட வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். பின்னர் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த குழு, ஆங்கிலம் கற்போருக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஆங்கில வளர்ச்சிக்கே ஒதுக்கும் ஏற்பாட்டை வகுத்தது. 2008-09 கல்வியாண்டில் அது நடைமுறைக்கு வந்தது. இலக்கணம், சொல்வளம், வாசிப்பு, எழுத்து, உரையாடல் என்று அந்த நான்கு மணி நேரமும் கூறுபோடப்பட்டது. மாணவர்கள் ஆங்கிலத் தேர்ச்சி நிலைக்கு ஏற்பப் பிரித்து உட்கார வைக்கப்பட்டனர்.

நிமிடக் கணக்கு அச்சிட்ட அட்டவணையாகப் பார்க்க இது மிக ஒழுங்கானது. ஆனால் பள்ளி நாள் ஆறு அல்லது ஆறரை மணி நேரம்தான். அதில் நான்கு மணி போனால் எஞ்சுவது மதிய உணவும், உடற்பயிற்சியும், கொஞ்சம் கணக்கும். அறிவியலும் சமூகவியலும் ஓரங்கட்டப்பட்டன. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பட்டயம் பெறத் தேவையான பாடங்களை உரிய காலத்தில் முடிக்க இயலாமல் திணறினர் என்று இத்திட்டத்தை ஆராய்ந்தோர் சுட்டிக்காட்டினர். ஓராண்டில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தேறிவிடுவர் என்பது எதிர்பார்ப்பு. தேறாதவர்கள் அடுத்த ஆண்டும் அதே அறைக்குத் திரும்பினர்.

இன்னொரு குறையைக் கற்பித்தல் அனுபவம் உள்ள எவரும் உணர்வர். மொழி தெரியாத பிள்ளை தன்னைவிட நன்றாகப் பேசும் பிள்ளைகளிடமிருந்தே அம்மொழியைக் கற்கிறது. விளையாட்டில், சண்டையில், பென்சில் கேட்கும்போது அந்தக் கற்றல் நடக்கிறது. ஆங்கிலம் தெரியாதவர்களை மட்டும் ஒன்றுசேர்த்து அடைத்தால், அந்த அறையில் ஆங்கிலம் நன்றாகப் பேசும் ஒரே மனிதர் ஆசிரியராகத்தான் இருப்பார்.

நோகாலஸ் ஊர்க் குடும்பங்கள் 1992இல் தொடுத்த ஃபுளோரஸ் வழக்கு இந்தக் கொள்கை மாற்றங்களின் ஊடே நடந்துகொண்டிருந்தது. 2009இல் 'ஹார்ன் எதிர் ஃபுளோரஸ்' என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் மாநிலத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பியது. 2019இல் மாநிலச் சட்டமன்றமே நான்கு மணி நேரத்தைக் குறைத்தது. தொடக்கநிலைக்கு வாரம் 600 நிமிடம், ஆறாம் வகுப்பு முதல் 500 நிமிடம் என்றானது. கடுமையான ஏற்பாட்டை நிறுவப் பெரும் விவாதம் நடந்தது. அதைத் தளர்த்திய சட்டம் ஆரவாரமின்றி நிறைவேறியது. இடையில் அந்த அறைகளில் பத்தாண்டுகளைக் கழித்த பிள்ளைகளுக்கு இழந்த அறிவியலைத் திருப்பிக் கொடுக்க எந்தச் சட்டமும் முன்வரவில்லை.

இங்கிலாந்து கண்ட மறுமுனை

இங்கிலாந்தும் பிரித்துவைப்பதில்தான் தொடங்கியது. 1965ஆம் ஆண்டு 7/65 எண்ணிட்ட அரசுச் சுற்றறிக்கை, ஒரு பள்ளியில் குடியேறியோர் பிள்ளைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதபடி அவர்களைப் பல பள்ளிகளுக்குப் பகிர்ந்தளிக்கப் பரிந்துரைத்தது. சவுத்தால் பகுதிப் பஞ்சாபிப் பிள்ளைகள் பேருந்தில் ஏற்றித் தொலைவிலுள்ள பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். வேறு பல ஊர்களில் தனி மொழி மையங்கள் இயங்கின.

1975ஆம் ஆண்டின் புல்லக் அறிக்கை இந்தப் போக்குக்கு எதிரான சிந்தனையைத் தொடங்கிவைத்தது. பள்ளி வாசலைத் தாண்டும் பிள்ளை வீட்டு மொழியைக் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்றது அந்த அறிக்கை. மொழியைக் கற்பிப்பது மொழியாசிரியரின் வேலை மட்டுமன்று, ஒவ்வொரு பாட ஆசிரியரின் வேலையும்கூட என்ற கருத்தையும் அது வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் பி.எட். பயிலும் மாணவர்கள் இன்று 'பாடத்திட்டம் முழுவதும் மொழி' என்ற தலைப்பில் ஒரு தாள் எழுதுகின்றனர். அந்தச் சொற்றொடர் கல்வியுலகில் பரவியதில் புல்லக் அறிக்கைக்குப் பெரும் பங்குண்டு. தேர்வுக்காக அத்தாளைப் படிப்போர் அதன் பின்னணியையும் அறிந்திருப்பது நல்லது.

1986இல் இன்னொரு திருப்பம் ஏற்பட்டது. மேற்கு யார்க்சயரின் கால்டர்டேல் கல்வி நிர்வாகம், ஆங்கிலம் தாய்மொழியல்லாத பிள்ளைகளைச் சோதித்துத் தனி மொழி மையங்களுக்கு அனுப்பிவந்தது. இன சமத்துவ ஆணையம் இதை விசாரித்தது. அம்மையங்களில் பாடத்திட்டம் குறுகியது என்றும், பெரும்பாலும் ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளையே பாதிக்கும் இவ்வேற்பாடு 1976ஆம் ஆண்டு இன உறவுச் சட்டத்தின்படி மறைமுகப் பாகுபாடு என்றும் அறிவித்தது. ஓராண்டுக்கு முன் வெளிவந்த ஸ்வான் அறிக்கையும் தனி மையங்களுக்கு எதிராகவே பேசியிருந்தது. அதன்பின் நாடெங்கும் மொழி மையங்கள் மூடப்பட்டன. எல்லாப் பிள்ளைகளும் பொதுவகுப்பில் என்பது கொள்கையாயிற்று.

இந்தத் தீர்ப்பு நியாயமானது. ஆனால் கதவை மூடியது பாதி வேலைதான். மையத்தில் இருந்த தேர்ந்த ஆசிரியர் பொதுவகுப்புக்குள் வந்திருக்க வேண்டும். சில காலம் வரவும் செய்தார். 1966ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்கீழ் வந்த பணம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. 1999இல் அதன் இடத்தில் சிறுபான்மை இனத்தோர் கல்வி அடைவு மானியம் வந்தது. 2011இல் அந்த மானியத்துக்கு இருந்த தனி வேலியும் நீக்கப்பட்டுப் பள்ளிகளின் பொது நிதியோடு கலந்தது. பொதுப் பானையில் விழுந்த பணம் கூரை ஒழுகலுக்கும் போகலாம், கணினிக்கும் போகலாம். பிள்ளை பொதுவகுப்பிலேயே இருந்தது. துணைக்கு வந்த ஆசிரியர் மெல்ல மெல்லக் காணாமல் போனார்.

வகுப்புக்குள் வரும் துணை

அமெரிக்காவில் 'புஷ்-இன்' என்றும் இணைக் கற்பித்தல் என்றும் சொல்லப்படும் முறை, ஆங்கில ஆசிரியரை வகுப்புக்குள் கொண்டுவருகிறது. பாடம் தவறாது, பிள்ளையும் தனித்துத் தெரியாது. தனியே அழைத்துச் செல்வதன் குறைகளுக்கு இதுவே மாற்று என்று ஆசிரியர் பயிற்சி நூல்கள் சொல்கின்றன.

நடப்பில் இதன் தரம் இரண்டு ஆசிரியர்களின் உறவைப் பொறுத்தது. வகுப்பு ஆசிரியர் முன்னே நின்று பாடம் நடத்த, மொழி ஆசிரியர் பின்வரிசையில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் குனிந்து காதோடு காதாக விளக்கிக்கொண்டிருப்பது பல பள்ளிகளில் வழக்கமான காட்சி. பட்டம் பெற்ற ஆசிரியர் உதவியாளராகிவிடுகிறார். அந்தப் பிள்ளையோ இரண்டு குரல்களை ஒரே நேரத்தில் கேட்க வேண்டியுள்ளது. இணைக் கற்பித்தல் என்ற பெயர் பொருந்த வேண்டுமானால் இருவரும் சேர்ந்து திட்டமிட்டு, சில பாடங்களில் மொழி ஆசிரியர் முன்னே நிற்க வேண்டும்.

இதோடு சேர்த்துப் பேசவேண்டியது 'ஷெல்டர்டு' எனப்படும் பாடமுறை. இதில் பாடப்பொருள் குறைக்கப்படுவதில்லை. அதை எட்டும் வழி எளிதாக்கப்படுகிறது. ஆவியாதலைக் கற்பிக்கும் ஆசிரியர் முதலில் ஈரத்துணியைக் காட்டுகிறார், படம் வரைகிறார், 'வெப்பம் கூடினால் ... கூடும்' என்ற வாக்கியச் சட்டத்தைப் பலகையில் எழுதிப் பிள்ளைகளைச் சொல்ல வைக்கிறார். பாட நோக்கத்தோடு மொழி நோக்கமும் அன்றைய திட்டத்தில் இருக்கும். இம்முறையை எட்டுக் கூறுகளாக வகுத்த எஸ்ஐஓபி என்ற மாதிரி அமெரிக்காவில் பெருவழக்கு.

ஆங்கிலத்தில் 'வால்யூம்' என்ற சொல் அறிவியலில் கன அளவு, வானொலியில் ஒலி அளவு, நூலகத்தில் நூல் தொகுதி. 'டேபிள்' என்பது மேசையும் ஆகும், கணக்கில் வாய்பாடும் ஆகும், புள்ளியியலில் அட்டவணையும் ஆகும். இவற்றைக் கணக்காசிரியரும் அறிவியல் ஆசிரியரும்தான் சொல்லித்தர முடியும். முக்கால் மணி மொழி வகுப்பில் இவை ஒருபோதும் வந்து சேரா. எனவே பாட ஆசிரியருக்குத் தரும் பயிற்சியே இங்கு முதன்மையானது. ஆனால் இரண்டு நாள் பயிலரங்கில் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. காஸ்டன்யேடா வழக்கின் இரண்டாம் கேள்வியை இங்கே மீண்டும் நினைத்துக்கொள்ளலாம்.

இருமொழி வகுப்பும் வாக்குப்பெட்டியும்

கியூபாவிலிருந்து அகதிகள் வந்திறங்கிய காலத்தில், 1963இல் மியாமி நகரின் கோரல் வே தொடக்கப்பள்ளி ஸ்பானியம் பேசும் பிள்ளைகளையும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளையும் சேர்த்து இரு மொழிகளிலும் கற்பிக்கத் தொடங்கியது. ஐந்தாண்டுகளில் கூட்டாட்சி அரசின் இருமொழிக் கல்விச் சட்டம் வந்தது. 1968 ஜனவரியில் அதில் கையெழுத்திட்ட அதிபர் லிண்டன் ஜான்சன், டெக்சாசில் மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். 2002இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்த இருமொழிச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தபோது, கூட்டாட்சி அலுவலகத்தின் பெயரிலிருந்தே 'இருமொழி' என்ற சொல் மறைந்தது.

கலிபோர்னியாவின் கதை இன்னும் வெளிப்படையானது. 1998 ஜூனில் 227ஆம் முன்மொழிவு சுமார் 61 விழுக்காடு வாக்குகளுடன் வென்றது. பொதுவாக ஓராண்டுக்கு மேற்படாத ஆங்கில மூழ்கல் வகுப்பு, பின்பு பொதுவகுப்பு என்பது அதன் விதி. இருமொழி வகுப்புகளில் இருந்த ஆங்கிலம் கற்போரின் பங்கு சுமார் 30 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகச் சுருங்கியது. மாநிலமே அமர்த்திய ஐந்தாண்டு ஆய்வு 2006இல் வெளிவந்தபோது, எந்த ஒரு முறையும் மற்றதைவிடத் தெளிவாக மேலானது என்று காட்டச் சான்றில்லை என்றது. பத்தாண்டு படித்தபின்னும் ஒரு மாணவர் ஆங்கிலம் கற்போர் பட்டியலிலிருந்து வெளியேறும் வாய்ப்பு 40 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் அதே ஆய்வு கணக்கிட்டது. ஓராண்டு என்று வாக்காளருக்குச் சொல்லப்பட்டதையும் பத்தாண்டு என்று கணக்கு காட்டியதையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2016 நவம்பரில் 58ஆம் முன்மொழிவு 73 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்று அந்தத் தடையை நீக்கியது. 2002இல் இதே பாதையில் சென்ற மாசசூசெட்ஸ் மாநிலமும் 2017இல் திரும்பிவந்தது.

இவ்விடைப்பட்ட காலத்தில் ஆய்வுகள் பெருகின. கலிபோர்னியாவின் பெரிய நகர மாவட்டம் ஒன்றின் லத்தீனோ மாணவர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்து உமான்ஸ்கி, ரியர்டன் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, இருமொழி வகுப்பு மாணவர்கள் தொடக்கநிலையில் மெதுவாகவே பட்டியலிலிருந்து வெளியேறுகின்றனர், ஆனால் இறுதியில் அதிகம் பேர் வெளியேறுகின்றனர் என்று காட்டியது. இரண்டாண்டில் பலன் கேட்கும் நிர்வாகிக்கு இம்முறை தோல்வியாகத் தெரியும் என்பதே இதன் பொருள். ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் இருமொழி வகுப்புக்குக் குலுக்கல் முறையில் இடம் தரப்படுவதால் ஒப்பீடு இன்னும் நம்பத்தக்கதாக அமைந்தது. அங்கு இடம் கிடைத்தோர் ஆங்கில வாசிப்பில் 5ஆம் வகுப்பில் சுமார் 7 மாதமும், 8ஆம் வகுப்பில் சுமார் 9 மாதமும் முன்னே இருந்தனர் என்று 2017இல் வெளிவந்த ஆய்வு கூறியது. கணக்கிலும் அறிவியலிலும் அவர்களுக்கு இழப்பு ஏற்படவில்லை.

இத்தனைக்குப் பின்னும் இருமொழி வகுப்பை எல்லாருக்குமான மருந்தாகச் சொல்லிவிட முடியாது. இரு மொழி பேசும் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்கும் வகுப்புகளில், ஆங்கிலம் பேசும் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளின் தேவையே முன்னுக்கு வந்துவிடக்கூடும் என்று குவாடலூப்பே வால்டெஸ் 1997இலேயே எச்சரித்தார். அடுத்தது எண்ணிக்கை. ஒரே மொழி பேசும் பிள்ளைகள் ஒரு பள்ளியில் இருபது பேராவது இருந்தால்தான் அம்மொழியில் வகுப்பு நடத்த முடியும். ஸ்பானியத்துக்கு இது எளிது. ஒரு பள்ளியில் ஒன்றிரண்டு பேராகச் சிதறிக்கிடக்கும் மொழியினருக்கு அப்படியில்லை. டொராண்டோ போல் தமிழர் மிகுந்த நகரத்தில்கூட, ஒன்டாரியோ மாநிலம் 1977இல் தொடங்கிய மரபு மொழித் திட்டத்தின் வழியில் தமிழ் ஒரு தனி மொழிப்பாடமாகவே கிடைக்கிறது. கணக்கையும் அறிவியலையும் தமிழில் கற்பிக்கும் வகுப்பாக அது வளரவில்லை. வீட்டு மொழியைப் போற்றும் ஏற்பாடு அது. வீட்டு மொழியின் வழியாகப் பாடம் புரியவைக்கும் ஏற்பாடு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகப் பேசுவோர் பலர்.

எத்தனை ஆண்டு

டொராண்டோவில் பணியாற்றிய ஜிம் கம்மின்ஸ் 1979இல் உரையாடல் மொழித்திறனையும் கல்விசார் மொழித்திறனையும் பிரித்துக் காட்டினார். கனடாவில் குடியேறிய பிள்ளைகள் இரண்டாண்டளவில் நன்றாக உரையாடிவிடுகின்றனர், ஆனால் பாட மொழியில் உடன்பயில்வோரை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன என்று கண்டார். கென்ஜி ஹக்குடாவும் உடன் ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் பேச்சுத்திறனுக்கு 3 முதல் 5 ஆண்டு, கல்வி மொழிக்கு 4 முதல் 7 ஆண்டு என்று கணக்கிட்டனர். இப்பிரிவு மிகவும் எளிமைப்படுத்தப்பட்டது என்ற மறுப்பும் உண்டு. ஆயினும் ஆண்டுக் கணக்கை எவரும் ஓராண்டுக்குக் கொண்டுவந்துவிடவில்லை.

விளையாட்டு மைதானத்தில் சரளமாகப் பேசும் பிள்ளையைப் பார்த்து, 'இவனுக்குத்தான் ஆங்கிலம் வந்துவிட்டதே' என்று துணையை நிறுத்திவிடுவது ஒரு தவறு. அதன்பின் பாடத்தில் பின்தங்கினால் மந்தபுத்தி என்ற முத்திரை விழும். எதிர்ப்புறத் தவறும் உண்டு. வெளியேறுவதற்கான நிபந்தனைகளை அடுக்கிக்கொண்டே போனால் பிள்ளை பட்டியலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். கலிபோர்னியாவில் ஆங்கிலத் திறன் தேர்வு, ஆசிரியர் மதிப்பீடு, பெற்றோர் கருத்து, அடிப்படைத் திறன் ஒப்பீடு என நான்கும் கூடிவர வேண்டும். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகளில் பலரும் தாண்டத் திணறும் வாசிப்பு மதிப்பெண்ணை இவர்களிடம் நிபந்தனையாகக் கேட்பது நியாயமா என்ற கேள்வி அங்கே நெடுநாளாக உள்ளது.

லாரி ஓல்சன் 2010இல் வெளியிட்ட அறிக்கை, கலிபோர்னியாவின் 40 மாவட்டங்களில் உயர்வகுப்புகளில் உள்ள ஆங்கிலம் கற்போருள் 59 விழுக்காட்டினர் ஆறாண்டுக்கு மேல் அமெரிக்கப் பள்ளியில் படித்தும் இன்னும் பட்டியலில் இருப்போர் என்று காட்டியது. இவர்களுள் பலர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். சரளமான ஆங்கிலமும் தெரியும். நேற்று விமானத்தில் வந்திறங்கிய பிள்ளையோடு ஒரே மொழி வகுப்பில் இவர்களையும் உட்கார வைத்து 'இது என் புத்தகம்' என்று எழுத வைத்தால் அவர்கள் பள்ளியையே வெறுப்பதில் வியப்பில்லை.

புதிதாக வந்தோர்

பதினைந்து வயதில் வந்துசேரும் மாணவருக்கு ஏழாண்டு காத்திருக்க நேரமில்லை. நியூயார்க்கின் லகார்டியா சமுதாயக் கல்லூரி வளாகத்தில் 1985இல் தொடங்கிய இன்டர்நேஷனல் உயர்நிலைப்பள்ளி இதற்கு ஒரு வழி கண்டது. அண்மையில் குடியேறியோரை மட்டும் சேர்த்து, தேர்ச்சி நிலையாகப் பிரிக்காமல், பல மொழிக்காரரைக் குழுக்களாக உட்கார வைத்துச் செயல்திட்டங்கள் வழியாகப் பாடம் நடத்துகிறது. அங்கே ஒவ்வொரு பாட ஆசிரியரும் மொழியாசிரியரே. குழுவுக்குள் பிள்ளைகள் தம் மொழியில் பேசிக்கொள்ளலாம். இம்மாதிரியில் பின்னர் மேலும் பள்ளிகள் தோன்றின. இதுவும் ஒருவகைப் பிரிவினைதான். ஆனால் அரிசோனாவின் அறையில் பறிபோன உயிரியலும் வரலாறும் இங்கே முழுமையாக உள்ளன. பிரித்துவைப்பதா சேர்த்துவைப்பதா என்ற வாதத்தில் மட்டும் நிற்போர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர்.

ஒன்டாரியோ இன்னொரு நுட்பமான பிரிவைச் செய்துள்ளது. தாய்மொழியில் ஒழுங்காகப் பள்ளி சென்று, ஆங்கிலம் மட்டும் தெரியாமல் வரும் பிள்ளைக்கு ஒரு பாடத்தொடர். போர், இடப்பெயர்வு ஆகியவற்றால் பள்ளிக்கே போக வாய்ப்பில்லாமல் வரும் பிள்ளைக்கு எழுத்தறிவு வளர்ச்சி என்ற தனிப் பாடத்தொடர். முகாம்களிலும் இடம்பெயர்விலும் ஆண்டுகளை இழந்த குடும்பங்களைக் கண்ட ஈழத்தமிழ்ச் சமூகத்துக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. முதல் பிள்ளைக்குப் பின்னம் தெரியும், அதன் ஆங்கிலப் பெயர்தான் தெரியாது. இரண்டாம் பிள்ளைக்கு இரண்டுமே புதிது. இருவரையும் ஒரே பெயரில் பதிந்து ஒரே அறையில் வைக்கும் பள்ளிகள் இன்றும் பல நாடுகளில் உள்ளன.

பணமும் கணக்கெடுப்பும்

ஆங்கிலம் கற்போருக்கென அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 2023 நிதியாண்டில் ஒதுக்கியது 89 கோடி டாலர். 53 இலட்சம் பேருக்குப் பகிர்ந்தால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 170 டாலர்கூட வராது. மீதியை மாநிலமும் மாவட்டமும் ஏற்க வேண்டும். இங்கிலாந்தின் நிதி வாய்பாடு, கூடுதல் மொழியினருக்கான தொகையைப் பிள்ளை அங்குள்ள பள்ளிகளில் சேர்ந்த முதல் மூன்றாண்டுகளுக்கு மட்டுமே கணக்கில் கொள்கிறது. நான்கு முதல் ஏழாண்டு என்று ஆய்வு சொன்ன பிறகும் மூன்று என்ற எண் அப்படியே நிற்கிறது.

2016இல் இங்கிலாந்தில் பள்ளிகள் ஒவ்வொரு கூடுதல் மொழி மாணவரின் ஆங்கிலத் திறனையும் ஐந்து நிலைகளில் மதிப்பிட்டுப் பதியத் தொடங்கின. ஆசிரியர்கள் பயின்று, படிவம் நிரப்பி, பழகுவதற்குள் 2018இல் அந்தப் பதிவு கைவிடப்பட்டது. இப்போது தேசியக் கணக்கெடுப்பில் மிஞ்சியிருப்பது வீட்டு மொழி எது என்பது மட்டுமே. லண்டனில் பிறந்து ஆங்கிலத்தில் கதையெழுதும் தமிழ்ப் பிள்ளையும், சென்ற மாதம் வந்திறங்கி ஒரு சொல்லும் பேசத் தெரியாத பிள்ளையும் அந்தப் பட்டியலில் ஒரே கட்டத்தில் இருக்கின்றனர்.